வென்டிலேட்டரில் அத்தான்: வலது இதயத்தைக் காத்த சிகிச்சை

மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கும் என் அக்காவின் கணவர், மழைக்காலத்தில் வந்த எச்1என்1 காய்ச்சலால் இரண்டு நுரையீரல்களும் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருந்தபோது, மருத்துவர்களிடம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாலையில் உறவினரைச் சந்திக்கும் நேரத்தில் எல்லோரும் கேட்பது ஆக்சிஜன் அளவைத்தான்; நாங்களும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த அளவு ஓரளவு தேறியிருந்த நிலையில் அத்தானுக்கு ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியதும், தீவிர சிகிச்சை மருத்துவர் படுக்கையருகிலேயே எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் டிரோபோனின் என்ற புரதம் சற்றுக் கூடியிருப்பதாக ஒரு செவிலியர் சொன்னதைக் கேட்ட அக்கா, "மாரடைப்பா தம்பி?" என்று கலங்கிப்போனார். கடும் தொற்றிலும் ஆக்சிஜன் குறைவிலும் இதயத் தசை நலிவுற்றாலே அந்த அளவு ஏறும் என்றும், ஈசிஜியிலோ எக்கோவிலோ மாரடைப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை என்றும் மருத்துவர் விளக்கினார். வென்டிலேட்டரால் விரிந்த நுரையீரல் இதயத்தை மறைத்துவிடுவதால் மார்பின் முன்பக்கத்திலிருந்து படம் தெளிவாகக் கிடைக்கவில்லை. விலா எலும்புகளுக்குக் கீழே, மேல்வயிற்றில் கருவியை வைத்துத்தான் பார்த்தார்கள்.

இடது கீழறை நன்றாகவே சுருங்கி விரிந்தது. அதன் வெளியேற்ற அளவு, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 60 சதவீதம். சிக்கல் வலது கீழறையில் இருந்தது. அது விரிந்து, நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. டேப்ஸி எனப்படும் அளவு, அதாவது வலது கீழறை சுருங்கும்போது அதன் அடிப்பகுதி நகரும் தூரம், 17 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அத்தானுக்கு 13தான் இருந்தது. வலது கீழறையின் சுவர் மெல்லியது. நுரையீரலுக்குள் எளிதாக ரத்தத்தை அனுப்பிப் பழகிய அதற்கு, எதிரழுத்தம் திடீரென ஏறினால் தாங்கும் வலு குறைவு. ஆக்சிஜன் எட்டாத பகுதிகளில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தேங்கும் கரியமில வாயு அவற்றை மேலும் இறுக்குகிறது, போதாக்குறைக்கு நுரையீரலைத் திறந்து வைக்க இயந்திரம் கொடுக்கும் பீப் அழுத்தம் அதிகமானால் அதுவும் அந்தக் குழாய்களை நசுக்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையும் குறைக்கிறது. நுரையீரலுக்கு நன்மை செய்யும் அழுத்தமே இதயத்துக்குப் பாரமாவதை அன்றுதான் அறிந்தேன்.

அதன் பிறகு எடுத்த முடிவுகள் பலவும் இந்த இழுபறியை ஒட்டியே அமைந்தன. அத்தான் 88 கிலோ எடையுள்ளவர். ஆனால் இயந்திரம் தரும் ஒவ்வொரு மூச்சின் அளவும் உடல் எடையைப் பார்த்து அன்று, உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடைக்குக் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்று வைக்கப்படுகிறது. 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது ஏறக்குறைய 370 மில்லிலிட்டர். பருமனான மனிதருக்கு இவ்வளவு சிறிய மூச்சா என்று அக்கா கேட்டது நியாயமாகத்தான் பட்டது. எடை கூடினாலும் நுரையீரல் பெரிதாவதில்லை என்பதே அதற்கான விடை. சிறிய மூச்சால் கரியமில வாயு தேங்காதிருக்க மூச்சின் வேகத்தைக் கூட்டினார்கள். பீப் அழுத்தத்தை 14இலிருந்து 10க்கு இறக்கினார்கள். ரத்த அழுத்தம் குறைந்தால் சலைன் ஏற்றுவார்கள் என்றே நினைத்திருந்தோம். ஏற்கெனவே விரிந்த வலது அறையை மேலும் நிரப்பினால் அது இடது அறையை இன்னும் நெருக்கும் என்பதால், அதைத் தவிர்த்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைக் கொடுத்தார்கள். ரத்தக்கட்டு இருக்குமோ என்ற ஐயத்தில் கால் ரத்தக்குழாய்களில் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள், ஏதுமில்லை.

குப்புறப் படுக்க வைக்க ஒப்புதல் கேட்டபோது அக்காவிடம் கையெழுத்து வாங்கச் சிரமப்பட்டேன். குழாய்களோடு ஒருவரைப் புரட்டுவதை நினைத்தாலே யாருக்கும் அச்சம் வரும். ஒவ்வொரு முறையும் சுமார் 16 மணி நேரம் அப்படி வைத்திருந்தார்கள். முதுகுப்புறத்தில் சுருங்கிக் கிடந்த நுரையீரல் பகுதிகள் திறந்துகொள்வதால், ஆக்சிஜன் ஏறுவதோடு வலது இதயத்தின் சுமையும் இறங்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த எக்கோவில் நடுச்சுவர் ஏறக்குறைய தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. நார்அட்ரினலினும் படிப்படியாகக் குறைந்தது.

வென்டிலேட்டரை எடுக்கும் முன்பும் ஒரு எக்கோ எடுத்தார்கள். இயந்திரத்தின் அழுத்தம் விலகியதும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் திடீரெனக் கூடி, இடது அறைக்கும் சுமை ஏறுவதால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால் முன்கூட்டியே சிறுநீர் பெருக்கும் மருந்து கொடுத்தார்கள். குழாயை எடுத்த பிறகு அத்தானுக்கு மூச்சு சீராகவே இருந்தது.

வீடு திரும்பிய பின் பார்த்த இதய மருத்துவர், பழைய எக்கோ அறிக்கைகளையும், அவை எடுக்கப்பட்ட நாளில் இருந்த வென்டிலேட்டர் அமைப்புகளையும் கேட்டார். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இதயத்தைப் பற்றி ஒற்றை வரிதான் இருந்தது. அறிக்கைகளை அன்றன்றே கைப்பேசியில் படமெடுத்து, பீப் அளவையும் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். அவற்றைப் புதிய எக்கோவோடு ஒப்பிட்டுப் பார்த்தவர், டேப்ஸி 19க்கு வந்துவிட்டதாகச் சொல்லி, ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தார்.