கட்டளைவரி சொன்னால் சொன்னதுதான்

"நான் எழுதினது கோப்பில அப்படியே இருக்கு அண்ணா. ஆனா திரை அதக் கேக்குதில்ல."

பின்னேர வேலைக்கு வரும் தங்கச்சி இப்படிச் சொன்னதும் காரணம் எனக்கு விளங்கிவிட்டது. மட்டக்களப்பில் ஆறரைக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். அதன் பிறகும் வெள்ளைத் திரையைப் பார்த்தால் கண் எரிகிறது என்று, பொழுது பட்டதும் திரையைச் செம்மஞ்சளாக்கும் ரெட்ஷிஃப்ட் நிரலின் இரவு நிறத்தை 3500 கெல்வினுக்கு (எண் குறையக் குறையச் செம்மஞ்சள் கூடும்) இறக்க நினைத்திருக்கிறார். அமைப்புக் கோப்பைத் தேடித் திறந்து, 'ரெம்ப்-நைட்' வரியைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார். நிரலை நிறுத்தித் திரும்பவும் லொகின் செய்து பார்த்திருக்கிறார். அடுத்த நாளும் திரை 4500இல்தான் நின்றது.

யாரும் அவருடைய வரியை அழிக்கவில்லை. நிரலை எழுப்பும் கட்டளைவரியிலேயே '-எல் 7.73:81.69 -ரி 6500:4500' என்று நான் போட்டு வைத்திருந்தேன். '-எல்' என்பது சூரியன் எப்போது மறையும் என்று அறிய நாங்கள் இருக்கும் இடம், '-ரி' என்பது பகல் நிறமும் இரவு நிறமும். கோப்பும் கட்டளைவரியும் வேறு வேறாகச் சொன்னால் நிரல் கட்டளைவரியைத்தான் எடுக்கும். அந்த வரியோ அவருடைய ஹோம் அடைவில் இல்லை. லொகின் செய்ததும் தானாக எழும்பும் நிரல்களுக்கான, எல்லாப் பயனருக்கும் பொதுவான ஓட்டோஸ்டார்ட் அடைவில் இருந்தது. அவர் எங்கே தேடியிருப்பார்?

அப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு, அதை இப்போதும் சரியென்றே நினைக்கிறேன். ஒரே லொகினில் பல பேர் இருக்கும் கணினியில் ஒருவர் மாற்றியது அடுத்தவர் தலையில் விழும். வரியில் எழுதினால் ஒவ்வொரு லொகினுக்கும் அதே நிலைக்கு வந்துவிடும். '-எல்' போடாவிட்டால் ரெட்ஷிஃப்ட் இடத்தை இன்னொரு சேவையிடம் கேட்கும். அது பதில் தராத நாளில் நிறமே மாறாது. இடத்தைக் கையால் கொடுக்கும்போது அகலக்கோடு முன்னுக்கு, நெடுங்கோடு பின்னுக்கு, நடுவில் முக்காற்புள்ளி. மாற்றி 81.69:7.73 என்று கொடுத்தால் நிரல் பிழை சொல்லாது. அந்த இடம் ஆர்க்டிக் கடலில் இருக்கிறது. ஜூனில் அங்கே சூரியன் மறையாது, டிசம்பரில் உதிக்காது. ஆகவே ஜூன் முழுக்க இரவிலும் வெள்ளைத் திரை, டிசம்பர் முழுக்கப் பகலிலும் செம்மஞ்சள். டிசம்பரில் நட்டநடுப் பகலில் திரை செம்மஞ்சளாகக் கிடந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

மற்றச் சிறு நிரல்களையும் இப்படித்தான் கட்டியிருந்தேன். கடிகாரம் காட்டும் எக்ஸ்குளொக்குக்கு '-ஜியொமெட்ரி' கொடுத்தால் அகலமும் உயரமும் பிக்சலில். அதே சொல்லைக் கட்டளை எழுதும் டேர்மினலான எக்ஸ்டேர்முக்குக் கொடுத்தால் எழுத்தும் வரியும். 600க்கு 400 என்று இரண்டுக்கும் எழுதினால் டேர்மினல் திரையை விட்டு வெளியே போய்விடும். தமிழ் விசைப்பலகையை செட்எக்ஸ்கேபிமெப் வரியால் ஏற்றினால், யூஎஸ்பி வயரைக் கழற்றிப் பூட்டியதும் பழையபடி ஆங்கிலம். இதெல்லாம் தெரிந்தவனுக்கு வசதி. தெரியாதவருக்குக் கணினி பிடிவாதம் பிடிப்பதாகத்தான் தோன்றும்.

அங்கேதான் மனம் தடுக்குப்படுகிறது. இடமும் விசைப்பலகையும் எல்லாருக்கும் பொது. அவற்றை வரியில் பூட்டலாம். நிறம் ஒருவருடைய கண் சம்பந்தப்பட்டது, அதைக் கோப்புக்கு விட்டிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. '-ரி' பகுதியை மட்டும் எடுத்தால் போதும், அவர் எழுதிய 3500 அடுத்த லொகினிலேயே வேலை செய்யும். ஆனால் அதே கதிரையில் வேறு நாள் பின்னேரம் இருக்கும் தம்பி கலியாணக் காட் வடிவமைப்பவர். 3500இல் அவருக்கு வெள்ளைக்கும் கிரீமுக்கும் வித்தியாசம் பிடிபடாது. 4500 என்பது இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் வைத்த எண். இரண்டு பேரையும் கேட்காமல் வைத்த எண் என்பதும் உண்மை. தனித்தனி லொகின் கொடுத்தால் தீரும், ஆனால் அரைகுறை வேலைகளை அங்கேயும் இங்கேயும் மாற்றுவது யார்?

இப்போதைக்கு முகப்பில் இரண்டு ஐகொன்: 'கண்ணுக்கு', 'காட் வேலைக்கு'. முதலாவது 6500:3500, இரண்டாவது 6500:6500, அதாவது இரவிலும் பகல் நிறம். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாமல் இன்னொன்றைத் தொடங்கினால் இரண்டும் மாறி மாறி நிறத்தைப் போட்டுத் திரை மினுங்கும். எனவே ஒவ்வொரு ஐகொனும் பழையதை நிறுத்திவிட்டுத்தான் புதியதைத் தொடங்க வேண்டும். ஐகொன் கோப்பில் எதை ஓட்டுவது என்று சொல்லும் 'எக்செக்' வரி, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் வழியாக ஓடாது, அதனால் இரண்டு கட்டளையை அரைப்புள்ளியால் சேர்த்து எழுதினால் பலிக்காது. ஷெல்லை அழைக்கும் 'எஸ்எச் -சி' போட்டு முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். நிறுத்தும்போது பழைய நிரல் மெதுவாக வெளுத்துவிட்டுத்தான் அணையும். அதற்குள் புதியது எழும்பினால் மறுபடியும் மினுக்கம். நடுவில் ஐந்து விநாடி இடைவெளி விட்டேன். அந்த ஐந்து விநாடி வெள்ளை வெளிச்சமும் அவருக்குக் கண்ணில் குத்தியது. '-ஆர்' சேர்த்து மெல்ல வெளுப்பதை நிறுத்தி, இடைவெளியை ஒரு விநாடியாகக் குறைத்தேன்.

பொது ஓட்டோஸ்டார்ட் வரியில் 4500 இன்னும் இருக்கிறது. அமைப்புக் கோப்பின் தலையில், நிரல் படிக்காமல் விடும்படி முன்னால் அரைப்புள்ளி (;) போட்டு, 'இதை மாற்றினாலும் நிறம் மாறாது, ஐகொனை அழுத்தவும்' என்று தமிழில் எழுதியிருக்கிறேன். அடுத்து அதைத் திறப்பவர் ஏன் மாறாது என்று கேட்டால், அந்த '-ரி'யை எடுத்துவிடலாமா என்று அவரோடும் காட் தம்பியோடும் சேர்ந்து இருந்து பேச வேண்டும்.