பூனைக்குத் தைராய்டு: அயோடின் ஊசிக்கு முன்னும் பின்னும்

வயதான பூனை வயிறு நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போகிறது, ராத்திரியில் காரணமில்லாமல் கத்துகிறது என்றால் முதலில் டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனின் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். 10 வயதைத் தாண்டிய பூனைகளுக்குத்தான் தைராய்டு மிகைச் சுரப்பு அதிகம் வருகிறது. கழுத்தில் வளர்வது பெரும்பாலும் சாதாரணக் கட்டி. 100-க்கு 2, 3 பூனைகளுக்கே புற்றுநோய்.

மெத்திமசோல் மாத்திரை ஹார்மோன் சுரப்பைத்தான் அடக்கும், கட்டி தன் பாட்டுக்கு வளரும். அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் கட்டியையே அழிக்கிறது. தோலுக்கடியில் ஒரே ஓர் ஊசி, மயக்க மருந்து கிடையாது. ஏறக்குறைய 95 விழுக்காடு பூனைகளுக்கு அதோடு சரியாகிவிடுகிறது.

சாதாரண அயோடினா கதிரியக்க அயோடினா என்று தைராய்டு பிரித்துப் பார்க்காது, இரண்டையும் இழுத்துக்கொள்ளும். உள்ளே போனபின் அது விடும் பீட்டா கதிர் 1, 2 மில்லிமீட்டருக்கு மேல் பாயாது. அதனால் ஒட்டியே இருக்கும் பாராதைராய்டு (ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைக்கும் சிறு சுரப்பி) தப்பிக்கிறது. நல்ல தைராய்டு திசுவும் பெரும்பாலும் தப்பிக்கும்: நோயின்போது டிஎஸ்ஹெச் (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்) அடங்கிப்போவதால் அது வேலையில்லாமல் சுருங்கிக் கிடக்கும், அயோடினை அதிகம் எடுக்காது. மாத்திரை தரும்போது டிஎஸ்ஹெச் மறுபடி ஏறி அந்தத் திசுவும் விழித்துக்கொள்ளலாம். ஊசிக்கு 1, 2 வாரம் முன்பே மெத்திமசோலை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அயோடின் குறைத்த உணவு கொடுத்து வந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

எல்லாப் பூனைக்கும் 4 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று ஒரே அளவாகப் போடும் பழக்கம் நெடுநாள் இருந்தது. லேசான நோய்க்கு 2 போதும்; டி4 அளவையும் கட்டியின் பருமனையும் பார்த்து முடிவு செய்வதே நல்லது. தேவைக்கு மேல் போட்டால் தைராய்டு ஒரேயடியாகப் படுத்துவிடும்.

அதைவிட முக்கியம் சிறுநீரகம். மிகைச் சுரப்பு சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, இருக்கும் கோளாறை மறைக்கிறது. தசை கரைந்துபோவதால் கிரியேட்டினினும் (தசையில் உருவாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) குறைவாகவே காட்டும். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். தைராய்டு அடங்கியதும் கிரியேட்டினின் ஏறுகிறது. பலர் ஊசியைக் குறை சொல்வார்கள், ஆனால் கோளாறு முன்பே இருந்ததுதான். சந்தேகம் இருந்தால் சில வாரம் மெத்திமசோல் கொடுத்து, டி4 நார்மலானபின் கிரியேட்டினினைப் பார்ப்பது வழக்கம். சிறுநீர், ரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

ஊசிக்குப் பின் பூனையைத் தனியறையில் வைப்பார்கள். விடுவிக்கும் கதிர்வீச்சு வரம்பு இடத்துக்கு இடம் மாறும், ஆகவே சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். நீங்கள் போய்ப் பார்க்க முடியாது. அங்கே சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு. அது விரும்பித் தின்னும் உணவையே முன்கூட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கவனம் முழுக்க லிட்டர் தட்டில்தான். அயோடின் அதிகமாக வெளியேறுவது சிறுநீரில். கையுறை போட்டே அள்ளுங்கள். கழிவை உடனே குப்பையில் போட்டால் கிடங்கில் இருக்கும் கதிர்வீச்சுக் கருவி கத்தும். அரை ஆயுள் 8 நாள். மூடி 80 நாள் வைத்திருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மருத்துவமனை வேறு முறை சொன்னால் அதன்படி செய்யுங்கள். முதல் 2 வாரம் மடியில் தூங்க விடாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விலகியே இருக்கட்டும்.

1, 3, 6 மாதங்களில் டி4, கிரியேட்டினின், டிஎஸ்ஹெச் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். டி4 குறைந்து டிஎஸ்ஹெச் ஏறியிருந்தால் தைராய்டு குறைச் சுரப்பு. அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மருந்தைத் தொடங்க வேண்டும். டி4 மட்டும் லேசாகக் குறைந்து டிஎஸ்ஹெச் நார்மலாக இருந்தால் அவசரம் வேண்டாம், சுருங்கிக் கிடந்த திசு வேலைக்குத் திரும்பச் சில மாதம் எடுக்கும்.