சங்கு போட்ட காசு

பெரிய மாமா மாலேயில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். கடைசியாகக் கீழக்கரைக்கு வந்தபோது என் கையில் ஒரு காசை வைத்துவிட்டுப் போனார். மாலத்தீவின் இரண்டு ரூஃபியா. ஓரம் தேய்ந்திருக்கிறது, ஆனால் அதிலிருக்கும் சங்கு மட்டும் எழும்பி நிற்கிறது, விரலால் தடவினால் முறுக்கு தட்டுப்படும். எங்கள் பக்கம் குளித்தெடுக்கிற சங்கு மாதிரி வயிறு பெருத்தது இல்லை, நீண்டு கூம்பிப் போகிறது. சங்கைக் காசில் போட்ட நாட்டை அந்நியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாலத்தீவு என்றதும் நீலத் தண்ணீருக்கு மேல் கட்டிய மரக்குடில்கள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் அந்த நாடு அடுப்பங்கரையில் இருந்தது. மாசி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து, விறகுக் கட்டை மாதிரி இறுகிய பிறகு வருவது. உம்மா அதை உரலில் இடித்துச் சின்ன வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துச் சம்பல் செய்வார்கள். அங்கே பேசுகிற திவேஹி மொழியில் மீனுக்கே 'மஸ்' என்றுதான் பெயர். படகு அவர்களுக்குத் தோனி, நமக்குத் தோணி. தென்னையின் இளங்காய் அவர்களுக்குக் குரும்பா, நமக்குக் குரும்பை. 1972-ல் அங்கே திறந்த முதல் சுற்றுலா விடுதியின் பெயரும் குரும்பாதான். எழுத்து மட்டும் வேறு, 'தானா' என்று பெயர், வலமிருந்து இடமாக எழுதுவது.

கொடி சிவப்பு, நடுவில் பச்சைக் கட்டம், அதில் வெள்ளைப் பிறை. பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து 1965 ஜூலை 26-ல் விடுபட்டார்கள். அரசுச் சின்னத்தில் பிறையும் நட்சத்திரமும் தென்னை மரமும் இருக்கின்றன, தேசிய மரமும் தென்னைதான். தோனிக்குப் பலகை, கட்ட கயிறு, வீட்டுக்குக் கூரை எல்லாம் ஒரு காலத்தில் அதிலிருந்தே வந்தன, சின்னத்தில் ஏற அதைவிடத் தகுதியான மரம் அந்த மணலில் இல்லை.

நிலம் என்று பார்த்தால் மொத்தமே 300 சதுர கிலோமீட்டர் தேறாது. அதுவும் 1,190-க்கு மேற்பட்ட தீவுகளாக, வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறி, தென்முனை பூமத்திய ரேகையையே தாண்டிக் கிடக்கிறது. ஊர் இருப்பது சுமார் 200 தீவுகளில்தான். எல்லாம் பவளப்பாறை வளையங்களின் மேல் உட்கார்ந்திருப்பவை. அட்டோல் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே திவேஹியிலிருந்து போனது. பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர்தான். 2009-ல் அவர்கள் அமைச்சரவையே கடலுக்கடியில் கூடி, கடல் உயர்ந்தால் மூழ்கிவிடுவோம் என்று உலகத்துக்கு முறையிட்டது. அதை வேடிக்கைச் செய்தியாகப் படித்தவர்கள் நிறைய. எங்களால் அப்படிப் படிக்க முடியவில்லை, மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் பவளப்பாறையை வெட்டி வெட்டியே தண்ணீருக்குள் போய்விட்டன.

வருமானத்தில் முதலிடம் சுற்றுலாவுக்கு. 2024-ல் மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். அடுத்தது சூரை. அதை வலை போட்டு அள்ளுவதில்லை, தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். எனக்கு அந்த நாட்டின் மேல் பெரிய மரியாதை வந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். மற்றபடி அரிசி, காய்கறி, வெங்காயம் எல்லாம் வெளியிலிருந்து போக வேண்டும், நம் தூத்துக்குடியிலிருந்தும் தோணியில் சரக்கு போகிறது.

தலைநகர் மாலே, பழைய தீவு சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர்தான். மோட்டார் சைக்கிள், மாடிக்கு மேல் மாடி, இடையில் 1658-ல் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டிய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல். இடம் போதாமல் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்று இன்னொரு ஊரே உண்டாக்கிவிட்டார்கள், 2018-ல் பாலமும் வந்துவிட்டது.

சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. 2014 டிசம்பரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்து மாலே முழுக்கக் குழாய் வறண்டது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் போனது. மாமா அப்போது வரிசையில் நின்றிருக்கிறார். சின்ன வயதில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிறைத்த ஆள். அன்று அவருக்குக் கிடைத்தது இரண்டு பாட்டில், ஒன்றை அடுத்த அறையில் இருந்த பங்களாதேஷ் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தாராம்.