சிவப்புக் கோட்டுக்குக் கீழே

1996 இல் போரினால் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது எங்கள் பள்ளிக்கூடமும் சேர்ந்தே பெயர்ந்தது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சனம் கிடைத்த இடத்தில் கொட்டில் போட்ட காலம் அது. காலையில் ஊர்ப் பிள்ளைகள் படித்த வாங்குகளில் பின்னேரம் நாங்கள் படித்தோம். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி, ஜாம் போத்தல் விளக்கில் இரவுப் படிப்பு. இந்தக் கஷ்டங்களை எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் பலர் எழுதுவார்கள். எனக்கு எழுத வேண்டியிருப்பது அன்றைய எங்கள் அதிபரைப் பற்றி.

நேரம் தவறாமை பற்றி அவர் ஒரு நாளும் பிரசங்கம் வைத்ததில்லை. ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் சிவப்புக் கோடு கீறுவார்கள்; பிந்தி வருபவர் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு மாரி நாளில் அதிபரின் சைக்கிள் காற்றுப் போய், சேற்றில் உருட்டியபடி வந்து சேர்ந்தார். கோடு விழுந்திருந்தது. "சேர், கோட்டுக்கு மேல உங்களுக்கு இடம் விட்டிருக்கு" என்றார் உப அதிபர். அதிபர் ஈரக் கையைச் சாரத்துணியில் துடைப்பதுபோல் சேட்டில் துடைத்தார், கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தார், பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். வகுப்பு இடாப்பு எடுக்கப் போயிருந்த நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அன்று பின்னேரமே கதை எல்லா வகுப்புக்கும் பரவிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கன தூரம் சைக்கிள் மிதித்து வந்த ஆசிரியர்கள் சாட்டுச் சொல்வதை விட்டார்கள். பிந்தி வருபவரின் பெயர் எழுதும் மாணவ தலைவர்கள், தாங்கள் பிந்தினால் தங்கள் பெயரையும் எழுதினார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் வந்தவர் நல்ல பேச்சாளர். ஒழுக்கம் பற்றி அருமையாகப் பேசுவார். ஆனால் அவர் வந்து சேரும்வரை கோடு கீறப்படாது. ஒரு தவணை முடிவதற்குள் ஆசிரியர்கள் ஆறுதலாக வரத் தொடங்கினார்கள். வாசலில் நின்ற மாணவ தலைவர்கள் கூட்டாளிமாரைப் பேசாமல் உள்ளே விட்டார்கள். அதே பிள்ளைகள், அதே கொட்டில்! பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று பெற்றோர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. இன்றைக்கும் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது நாங்கள் புலம்பெயர்ந்து சங்கம் நடத்துகிறோம். சந்தா வருவதில்லை, இளையவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் குறைப்படுகிறோம். சரி, முதலில் நிர்வாகசபையில் இருக்கும் நாங்கள் எங்கள் சந்தாவை நேரத்துக்குக் கட்டுவோம். ஒன்றுகூடல் இராப்போசனத்துக்கு நாங்களும் ரிக்கற் வாங்குவோம். ஊருக்கு உதவி கொண்டுபோகும்போது எங்கள் பயணச் செலவு யார் பணம் என்பதைக் கணக்கறிக்கையின் முதல் வரியிலேயே போடுவோம். வரும் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.