காதோரத்துச் சிறு கட்டி

ஜூன் 9

இடக்காதின் மேல்மடலில், குருத்தெலும்பில் தோடு குத்தி ஆறு வாரமாகிறது. பின்புறம், சுரை அழுந்தும் இடத்தில், மிளகளவில் ஒரு சிவந்த கட்டி எழும்பியிருக்கிறது. காலையில் அதன்மேல் தேன்நிறப் பொருக்குப் படிந்திருந்தது. பெத்தா மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தந்தார், பூசிக்கொண்டேன்.

ஜூன் 12

பூச்சு துளையை அடைத்துக்கொண்டதால் உள்ளே ஈரம் தேங்கி, கட்டி இன்னும் பருத்துவிட்டது. ஸ்பிரிட் தடவியதும் தவறு; தோல் வறண்டு வெடித்தது. குத்தியவர் சொன்னபடி தினமும் தோட்டைத் திருகிவந்தேன். ஆறத் தொடங்கிய புண்ணை நானே நாளுக்கொரு முறை கிழித்திருக்கிறேன் என்று நினைக்கவே வேதனையாக இருக்கிறது.

ஜூன் 15

பெரியம்மாவின் காதுச்சோணையில் புளியங்கொட்டை அளவில் வளர்ந்து, வெட்டிய பின்பும் திரும்ப வந்த கீலாய்டு என்ற தடித்த தழும்புக் கட்டிதான் இத்தனை நாளும் என் பயம். கச்சான் காற்றின் புழுதியில் கல்லடிப் பாலத்தைக் கடந்து, தோல் வைத்தியரிடம் போய்க் காட்டினேன். கீலாய்டு பெரும்பாலும் மாதங்கள் கழித்தே தோன்றும் என்றும், காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் படரும் என்றும், என்னுடையது துளையின் விளிம்போடு நிற்பதால் உராய்வால் வந்த கட்டியே என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். சோணை 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். இரத்தவோட்டம் குறைந்த குருத்தெலும்புக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகலாம். என் தோட்டின் தண்டு குட்டையாக இருந்ததால், வீங்கிய காதைச் சுரை இறுக்கியிருந்தது. அதை அவரே கழற்றி, நீளமான தண்டும் தட்டையான பின்புறமும் கொண்ட டைட்டேனியம் தோடு போட்டுவிட்டார். சீழும் காய்ச்சலும் வந்தால் உடனே வரவேண்டும், தோட்டை நானாகக் கழற்றக்கூடாது. துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடுமாம்.

ஜூன் 17

மருந்துக்கடையில் 0.9 சதவீத சேலைன் வாங்கினேன். வீட்டில் உப்பைக் கரைத்தால் அளவு கூடிப் புண்ணை எரிக்கும். துணியை நனைத்துக் காலையும் இரவும் சில நிமிடம் ஒற்றி, பொருக்கு இளகியதும் துடைத்து, ஈரம் போக உலரவிடுகிறேன். வேறொன்றும் தடவுவதில்லை. தலைக்கவசம் போடும்போதுதான் பட்டுவிடுகிறது. அதில் மிகுந்த கவனம் வேண்டும்.

ஜூலை 14

கட்டி கடுகளவுக்கு வற்றிவிட்டது, சிவப்பும் இல்லை. தூக்கத்தில் நான் இடப்பக்கம் புரண்டால், “புள்ள, அந்தப் பக்கம் படுக்காத” என்று பெத்தா தட்டி எழுப்புகிறார்.