பட்டத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து திட்டமிடுதல்

உயர்தரத்துக்குப் பின் ஒரு டிப்ளோமாவையோ எச்.என்.டி.யையோ (உயர் தேசிய டிப்ளோமா) முடித்து, வேலையில் சேர்ந்து, நாலைந்து வருடம் போன பிறகு "ஒரு டிகிரியும் இருந்தால் பதவி உயர்வுக்கு உதவும்" என்று யோசிப்பவர்கள் திருகோணமலையில் ஏராளம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களின் கணக்குப் பிரிவிலும், சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும், நகரத்து வங்கிக் கிளைகளிலும் இப்படிப்பட்ட ஒருவரையாவது காணலாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், அது உயர்தர வெட்டுப்புள்ளியில் தெரிவாகிப் பகலில் வகுப்புக்கு வரக்கூடிய பிள்ளைகளுக்கானது. சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்க முடியாதவரின் கண்ணில் முதலில் படுவது ஒன்லைன் பட்டம்தான்.

என் மச்சாளும் அந்த வரிசையில் ஒருவர். தகவல் தொழில்நுட்பத்தில் எச்.என்.டி. முடித்தவர், ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் அமெரிக்க ஒன்லைன் பட்டம் ஒன்றின் விளம்பரத்தோடு கைப்பேசியை நீட்டி, "மச்சாள், நான் படிச்சதில அறுபது கிரெடிட் எடுக்கிறாங்களாம். பாதி டிகிரி முடிஞ்ச மாதிரித்தானே?" என்று கேட்டார். கிரெடிட் என்பது படித்த பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியான முடிவு ஒன்றுதான்: கையில் இருக்கும் கிரெடிட்டிலிருந்து தொடங்கக் கூடாது, பெற வேண்டிய பட்டத்தின் நிபந்தனைப் பட்டியலிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

முதலில் எண்களை ஒழுங்குபடுத்துவோம், ஏனெனில் ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு அளவு புழங்குகிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். மூன்று வருடப் பொதுப்பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. அமெரிக்காவில் ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது பதினைந்து வாரம், வாரத்துக்கு ஒரு மணித்தியால வகுப்பும் இரண்டு மணித்தியாலச் சொந்தப் படிப்பும், ஆகக் கிட்டத்தட்ட 45 மணித்தியாலம். இளமாணிப் பட்டத்துக்கு 120. பிரித்தானியாவில் ஒரு கிரெடிட் வெறும் 10 மணித்தியாலம், அதனால் அங்கே சிறப்புப் பட்டத்துக்கு 360 தேவைப்படுகிறது. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணித்தியாலம், மூன்று வருடப் பட்டத்துக்கு 180. ஆகவே பிரித்தானிய முறையில் 240 கிரெடிட் வைத்திருப்பவர் அமெரிக்கப் பட்டத்தின் 120-ஐப் பார்த்து, தன்னிடம் இரட்டிப்பு இருப்பதாக மகிழ்ந்துவிடக் கூடாது. எண்ணை விட்டுவிட்டு, அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தப் பாடம், எந்த ஆண்டுத் தரம், என்ன பெறுபேறு என்று பார்ப்பதே பயன் தரும்.

மச்சாளின் கேள்விக்கு வருகிறேன். ஒரு பல்கலைக்கழகம் அறுபது கிரெடிட்டை ஏற்றுக்கொள்ளலாம். அந்த அறுபதும் அவருடைய பட்டத்தின் எந்தக் கட்டத்தையும் நிரப்பாமலும் போகலாம். அமெரிக்கப் பட்டம் ஒன்று பொதுவாக மூன்று பகுதிகளாகக் கட்டப்பட்டிருக்கும். ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் போன்றவை அடங்கிய பொதுக்கல்வி ஒன்று. பிரதான பாடத்துறை இன்னொன்று. விருப்பப் பாடங்கள் மூன்றாவது. எச்.என்.டி. படித்தவரின் கையில் இருப்பது நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு, இணைய வடிவமைப்பு என்று முழுக்கத் தொழில்நுட்பம்தான். அவற்றில் சில பிரதான பாடத்துறைக்குள் போய் உட்காரும், மீதி விருப்பப் பாடங்களுக்குள் போகும், அந்த இடமும் நிரம்பிய பின் எஞ்சுபவை பெறுபேற்று அறிக்கையில் அச்சாகி நிற்குமே தவிர எதையும் குறைக்காது. பொதுக்கல்விப் பகுதி கிட்டத்தட்ட வெறுமையாகவே இருக்கும்.

அதைவிடப் பெரிய தடை மேல்நிலைப் பாடங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 100, 200 என்று தொடங்கும் பாடங்கள் முதல் இரண்டு வருடத் தரத்தையும், 300, 400 என்று தொடங்குபவை பிந்திய இரண்டு வருடத் தரத்தையும் சேர்ந்தவை. பட்டத்துக்குக் குறிப்பிட்ட அளவு மேல்நிலைக் கிரெடிட் கட்டாயம். டிப்ளோமாப் பாடங்கள், எவ்வளவு கடினமாகப் படித்திருந்தாலும், பெரும்பாலும் கீழ்நிலையாகவே வந்து சேர்கின்றன. இதோடு வதிவு நிபந்தனையும் உண்டு: பட்டம் தரும் பல்கலைக்கழகத்திலேயே குறைந்த அளவு கிரெடிட்டைப் படித்திருக்க வேண்டும், பல இடங்களில் அது 30. இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தும்படி, அதாவது அங்கே படிக்கும் அந்த 30-உம் மேல்நிலைப் பாடங்களாகவே இருக்கும்படி தேர்ந்தெடுத்தால் செலவு வெகுவாகக் குறைகிறது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை, சொன்னால் ஆள் சேராது.

நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. ஒரு சி.ஆர். கொப்பியை விரித்து, இடப்பக்கத்தில் பல்கலைக்கழகக் கையேட்டிலுள்ள பட்ட நிபந்தனைகளை ஒரு வரிக்கு ஒன்றாக மையில் எழுதினோம். வலப்பக்கத்தில் அந்தந்த வரிக்கு நேரே மச்சாளின் எச்.என்.டி. பாடம் ஏதாவது பொருந்துமானால் அதைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் அவர் எடுத்த பெறுபேற்றையும் குறித்தோம். C-க்குக் கீழான பெறுபேறுகளைப் பொதுவாக மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அப்படிப்பட்டவற்றை அப்போதே அடித்துவிட்டோம். பல்கலைக்கழகம் எழுத்தில் உறுதிப்படுத்தும் வரிகள் மட்டும் பென்சிலிலிருந்து மைக்கு மாறும். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எங்கே காசு போகப் போகிறது என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது: மேலே பொதுக்கல்வி வரிகள் வெறுமை, நடுவில் நெருக்கமான பென்சில் எழுத்து, கீழே மேல்நிலை வரிகள் மறுபடியும் வெறுமை.

மேலேயுள்ள வெறுமையை மலிவாக நிரப்ப வழிகள் உண்டு. 1918இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கல்விப் பேரவை, பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனங்கள் நடத்தும் பாடங்களை ஆராய்ந்து "இதற்கு இத்தனை கிரெடிட் கொடுக்கலாம்" என்று பரிந்துரை செய்கிறது. சோபியா, ஸ்டடி.கொம் போன்ற தளங்கள் இந்தப் பரிந்துரையைப் பெற்ற பாடங்களை மாதச் சந்தாவில் தருகின்றன. சோபியாவின் மாதச் சந்தா 99 டொலர் என்ற அளவில் இருந்துவருகிறது, ஒரே நேரத்தில் இரண்டு பாடங்களைத் திறந்து வைத்துப் படிக்கலாம், விரைவாக முடிப்பவருக்குப் பாடமொன்றின் விலை அதற்கேற்ப இறங்கும். ஆனால் பேரவை தருவது பரிந்துரை மட்டுமே, அதை ஏற்பதும் விடுவதும் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் என்று தீர்மானிக்காமல் சந்தா கட்டுவது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபத்துக்கு முற்பணம் கொடுப்பதற்குச் சமம்.

வேலை செய்யும் பெரியவர்களின் பழைய கிரெடிட்டைச் சேர்த்துப் பட்டமாக்குவதற்கென்றே தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களும் அமெரிக்காவில் இருக்கின்றன: நியூயோர்க்கின் எக்செல்சியர் (1971), நியூ ஜேர்சியின் தோமஸ் எடிசன் (1972), கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் (1973). யூடியூப் காணொளிகளில் ஓயாமல் புகழப்படும் வெஸ்டேர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் பொதுவாக அமெரிக்காவில் வசிப்பவர்களையே சேர்க்கிறது, ஆகவே நிலாவெளியில் இருந்துகொண்டு அதைப் பற்றிய காணொளி பார்ப்பதில் பொழுதுதான் போகும். ஷாய் ரெஷெஃப் 2009இல் தொடங்கிய யுனிவர்சிட்டி ஒஃப் த பீப்பிள் நம் ஊர்ச் சம்பளத்துக்கு நெருங்கி வரும் ஒன்று. கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தாலும், விண்ணப்பத்துக்கும் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பீட்டுக்கும் கட்டணம் உண்டு. பாடமொன்றுக்கு நூறு டொலருக்கு மேல் வரும், பட்டத்துக்குச் சுமார் நாற்பது பாடங்கள். அங்கே மாற்றப்படும் ஒவ்வொரு பாடமும் நேரடியாக ஒரு மதிப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்கிறது என்பதால் கணக்குப் பார்ப்பது சுலபம்.

ஆவணங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் காலதாமதம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கப் பல்கலைக்கழகம் பார்ப்பதற்கு முன், டபிள்யூ.இ.எஸ். போன்ற ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையைப் பல இடங்களில் கேட்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஆவணத்தை மட்டும் பார்த்து "இது இன்ன தகைமைக்குச் சமம்" என்று கூறும் அறிக்கை விலை குறைவு, ஆனால் கிரெடிட் மாற்றத்துக்கு உதவாது. பாடம் பாடமாகக் கிரெடிட்டும் தரமும் எழுதிய அறிக்கையே வேண்டும். பெறுபேற்று அறிக்கையைப் படித்த நிறுவனமே உறையிலிட்டு, உறையின் வாயை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே முத்திரை குத்தி அனுப்பும்படி கேட்பதும் உண்டு. பாதி முத்திரை மூடியிலும் பாதி உறையிலுமாக விழுந்திருக்க வேண்டும், நாம் ஆவலில் திறந்து பார்த்துவிட்டால் அந்த உறை செல்லாது. அதனால் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கும்போதே ஒட்டிய உறைகள் சிலவற்றையும் திறந்த பிரதி ஒன்றையும் சேர்த்துக் கேட்பது நல்லது. படித்த காலத்துப் பாடத்திட்டத்தையும் முத்திரையுடன் வாங்கி வைக்க வேண்டும். "தரவுத்தள முகாமைத்துவம்" என்ற தலைப்பை மட்டும் பார்த்து யாரும் கிரெடிட் கொடுப்பதில்லை. எத்தனை மணித்தியாலம், என்னென்ன அலகுகள், எப்படிப்பட்ட பரீட்சை என்பதையே பார்க்கிறார்கள். பாடத்திட்டம் இடையில் திருத்தப்பட்டிருந்தால் பழையதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

இவ்வளவையும் தொடங்குவதற்கு முன், பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு வீட்டில் நேரான பதில் வேண்டும். அரச வேலைக்கு என்றால் வர்த்தமானி அறிவித்தலை எடுத்துப் படியுங்கள்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றே பெரும்பாலும் இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்குமா என்பது, சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அல்லது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிடும் பட்டியல்களில் அது இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆணைக்குழுவிடமே கேட்டுக் கடிதம் பெறலாம், அதைப் பணம் கட்டுவதற்கு முன் பெற வேண்டும். அரச சேவையே இலக்கு என்றால் அமெரிக்கப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. 1980இலிருந்து இயங்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் ரூபாயில் கட்டணம் வாங்குகிறது, உயர்தரம் சித்தியடையாதவருக்கும் அடிப்படைப் பாடநெறி வழியாக இடம் கொடுக்கிறது, அங்கீகாரத்தைப் பற்றி நேர்முகப் பரீட்சையில் யாரும் கேள்வி எழுப்பப் போவதில்லை. தனியார் நிறுவனம், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வீட்டிலிருந்து வேலை, பின்னர் வெளிநாட்டில் முதுமாணி என்ற எண்ணங்கள் இருந்தால் கிரெடிட் மாற்றும் வழி பொருந்தும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அங்கீகாரத்தை அந்நாட்டுக் கல்வித் திணைக்களத்தின் தரவுத்தளத்திலோ, உயர்கல்வி அங்கீகாரப் பேரவையின் பட்டியலிலோ பார்க்கலாம். அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் பெயரும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் போலிப் பல்கலைக்கழகங்கள் போலி அங்கீகார அமைப்பையும் கூடவே நடத்துகின்றன.

டொலரை மறந்துவிட்டுத் திட்டம் போட முடியாது. 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த வருடம் மே மாதத்தில் 360ஐ எட்டியது. 5,000 டொலர்ப் பட்டம் ஒன்று பத்து இலட்சத்திலிருந்து பதினெட்டு இலட்சத்துக்குப் போனது, பாடமோ பல்கலைக்கழகமோ மாறவில்லை. ஆகவே முழுத் தொகையையும் முன்கூட்டிக் கேட்கும் இடங்களைவிட, பாடத்துக்குப் பாடம் கட்டக்கூடிய இடங்களையே நாங்கள் பார்த்தோம். ஒரு தவணை நிறுத்தினால் இடம் பறிபோகுமா, எத்தனை மாதம் விடுப்பு எடுக்கலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டோம். அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி அனுமதித்திருக்கிறதா, அதற்கு என்ன மேலதிகக் கட்டணம் எடுக்கிறார்கள் என்பதையும் கிளையில் விசாரித்துவிட வேண்டும்.

கண்காணிப்புடன் கூடிய ஒன்லைன் பரீட்சைக்கு மடிக்கணினியின் கமராவால் அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், இடையில் யாரும் உள்ளே வரக் கூடாது, வெளிச் சத்தமும் கூடாது. எங்கள் பகுதியில் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும், அம்மன் பாட்டுக்கு நியூயோர்க்கிலிருக்கும் கண்காணிப்பாளரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கோயில் நாட்காட்டியைப் பார்த்தே பரீட்சைத் திகதியைப் பதிய வேண்டும்.

மச்சாளின் கொப்பியில் இப்போது நடுப்பகுதி வரிகள் சில மைக்கு மாறியிருக்கின்றன, கீழேயுள்ள மேல்நிலை வரிகளைப் பல்கலைக்கழகத்திலேயே தவணைக்கு இரண்டாகப் படிப்பது என்று வைத்திருக்கிறோம். இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட பிரதி இன்னும் கைக்கு வர வேண்டும். அதை அனுப்பி எழுத்தில் பதில் கிடைத்த பிறகே பொதுக்கல்விக்கான மாதச் சந்தாவைத் தொடங்குவார், அதுவும் ஹோட்டலில் வேலை குறைந்திருக்கும் மழைக்கால மாதங்களில்.