வியாழக்கிழமை மாத்திரை

ஜூன் 5, 2024, புதன்

மைலோமா என்கிற என் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குப் போட்ட ஊசி முடிந்தது. நாளையிலிருந்து எல்லாமே வாய்வழி. இனி வாரா வாரம் திருச்சி பஸ் இல்லை, வயிற்றில் குத்து இல்லை. போர்டெசோமிப் என்ற அந்த ஊசி என் பாதங்களை என்ன பாடு படுத்தியது என்று டாக்டருக்குத் தெரியும். போன மாதம் பெரிய கடைத் தெருவில் ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். பூக்காரம்மா பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

புதியது இக்ஸாசோமிப். அதே வம்சம்தான், ஆனால் அந்த வம்சத்தில் வாயால் விழுங்கும்படி வந்த முதல் மருந்து. அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது. நரம்பை இது அவ்வளவாகக் கடிக்காதாம்.

மாதத்துக்கு மூன்றே மூன்று கேப்ஸ்யூல். விலையில் பாதியைத்தான் கமலாவிடம் சொன்னேன்.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "மாத்திரைதானே சார், அப்ப குணமாயிட்டு வருதுன்னு அர்த்தம்" என்றார். தலையாட்டினேன்.

ஜூன் 6, வியாழன்

ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் போட்டாயிற்று. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. காபி கூடாதா என்று கமலா டாக்டரிடம் கேட்காமல் விட்டதில் எனக்குக் கோபம். கேட்டிருந்தால் பால் இல்லாமலாவது அனுமதி வாங்கியிருக்கலாம். ஆறரைக்கு இட்லி, அதன்மேல் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஐந்து மாத்திரை. அது சாப்பிட்ட பிறகுதான், இது சாப்பிடும் முன்புதான், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. அடுப்படிச் சுவரில் கமலா கால அட்டவணை ஒட்டியிருக்கிறாள். ஆஸ்பிரின் ரத்தம் உறையாமல் இருக்க. அசைக்ளோவிர் அக்கி வராமல் இருக்க. ராத்திரி மைலோமாவுக்கே இன்னொரு கேப்ஸ்யூல், லெனாலிடோமைட், கிட்னிக் கணக்குப் பார்த்து 10 மில்லிகிராம், இருபத்தொரு நாள்.

ஜூன் 7, அதிகாலை 2.50

டெக்ஸா ராத்திரி, தூக்கமில்லை. பீரோவின் கீழ்த்தட்டை ஒழித்துப் பழைய மின்கட்டண ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கிவிட்டேன். கமலா ஒரு தடவை எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

ஒரு விஷயம் புரியவே மாட்டேன் என்கிறது. செல்லுக்குள்ளே தேவையில்லாத புரதங்களை அரைத்துத் தள்ளும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, நம்ம நகராட்சிக் குப்பைக் கிடங்கு மாதிரி. மைலோமா செல் ஓயாமல் புரதம் செய்துகொண்டே இருப்பதால் அதற்குக் குப்பை அதிகம். இக்ஸாசோமிப் அந்தக் கிடங்கை இழுத்துப் பூட்டிவிடுகிறது, செல் தன் குப்பையிலேயே மூச்சுமுட்டிச் சாகிறது. சரி. லெனாலிடோமைட் என்ன செய்கிறது? மைலோமா செல் உயிர்வாழத் தேவையான இக்காரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களின் மேல் 'குப்பை' என்று சீட்டு ஒட்டவைத்து அதே கிடங்குக்கு அனுப்புகிறது. ஒருவன் பூட்டுகிறான், இன்னொருவன் வண்டி வண்டியாக அனுப்புகிறான். இரண்டையும் ஒரே ஆளுக்கு எப்படிக் கொடுக்கிறார்கள்? டாக்டரிடம் கேட்கவேண்டும். கேட்டால் சிரிப்பார்.

ஜூன் 8, சனி

டெக்ஸா இறங்கிவிட்டது. யாரிடமும் பேச்சில்லை.

ஜூன் 12, புதன்

மேட்டூர் இன்றைக்குத் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் போதாது. பாலத்தில் நின்று பார்த்தால் காவிரியில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

முதுகில் சிவப்புத் தடிப்பு. இக்ஸாசோமிப், லெனாலிடோமைட் இரண்டில் எது காரணமோ, இரண்டுக்குமே அந்த வழக்கம் உண்டு.

மருந்தை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. கும்பகோணத்தில் ஜூன் மாதத்தில் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஒரே இடம் எங்கள் ஃப்ரிட்ஜ். தோசை மாவுக்கு மேல் தட்டில், டிபன் பாக்ஸுக்குள் வைத்தோம். மகள் சுதா பிரசவத்துக்கு வந்த பிறகு அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கப் போகிறவளும் அவள்தான்.

ஜூன் 14, அதிகாலை 3.15

சுதா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வளைகாப்பு முடிந்த கையோடு. தலைப்பிரசவம், பிறந்த வீட்டுக்கு வராமல் எங்கே போவாள்?

நான் ராத்திரி போடும் கேப்ஸ்யூல் தாலிடோமைடின் வாரிசு. அந்தப் பெயரைக் கேட்டதும் என் தலைமுறைக்கு வயிற்றைப் புரட்டும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாகக் கடைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கு நல்லது என்று கர்ப்பிணிகள் வாங்கிச் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கையும் காலும் வளராமல் போனது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அம்மாள், இன்னும் ஆதாரம் கொண்டு வாருங்கள் என்று கம்பெனியைத் திருப்பித் திருப்பி அனுப்பி அனுமதி தராமலே இருந்துவிட்டார். ஒரு அரசாங்க அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போடாததால் குழந்தைகள் பிழைத்தார்கள்! அரசாங்க வேலை பார்த்தவன் நான், எனக்கு இதில் ஒரு பெருமை.

அத்தோடு ஒழிந்திருக்க வேண்டிய மருந்து. 1960களின் நடுவில் ஜெருசலேமில் ஒரு டாக்டர் வலியில் தூங்க முடியாத தொழுநோயாளிக்கு அதைக் கொடுக்கப் போக, கொப்புளங்கள் ஆறின. அப்புறம் 1999இல் அமெரிக்காவின் லிட்டில் ராக்கில், வேறு எந்த மருந்துக்கும் மசியாத 84 மைலோமாக்காரர்களுக்குக் கொடுத்த முடிவுகள் வெளிவந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கேட்டது. அது உடம்பில் எதைப் பிடிக்கிறது என்று 2010 வரை யாருக்கும் பிடிபடவில்லை. ஜப்பான்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள், செரிப்ளான் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறதாம். கருவைக் கெடுப்பதும் அந்த வழியாகத்தான், என் எலும்பு மஜ்ஜையில் இருப்பதைக் கொல்வதும் அந்த வழியாகத்தான்.

சுதாவை அவள் மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாமா? கமலாவிடம் சொன்னால் சாமி வந்துவிடும்.

ஜூன் 16, ஞாயிறு

சேலம். மண்டபத்தில் மாஸ்க் போட்டவன் நான் ஒருவன்தான். கடைசி வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டேன். சுதா கை நிறைய வளையலோடு என்னைத் தேடித் தேடிப் பார்த்தாள். சம்பந்தி நல்ல மனுஷர், கேன்சருக்கு நல்லது என்று க்ரீன் டீ இரண்டு பாக்கெட் கொடுத்தார். அதிலிருக்கும் ஒரு பொருள் போர்டெசோமிப்பைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது என்று 2009இலேயே ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், இக்ஸாசோமிப்பும் அதைப் போலவே போரான் கலந்த ஜாதி. விளக்கம் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். அவரும் கேட்டார், "இப்ப மாத்திரைதானே?"

ஜூன் 17, திங்கள்

லெனாலிடோமைட் டப்பா பீரோவுக்குள். சாவி என் பூணூலில். கமலா அதைத் தொடுவதாக இருந்தால் கையுறை. இக்ஸாசோமிப் டிபன் பாக்ஸைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. மற்ற மாத்திரைகளோடு வாராந்திர டப்பியில் கலக்கக் கூடாது. கேப்ஸ்யூலைப் பிரிக்கக் கூடாது, கடிக்கக் கூடாது.

இன்றைக்கு முதல் நான் கொல்லைப்புறக் கழிப்பறை. போட்ட லெனாலிடோமைடில் முக்கால் பங்குக்கு மேல் அப்படியே மாறாமல் சிறுநீரில் போய்விடுகிறது, அதனால்தான் கிட்னிக் கணக்கே பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது சுதாவுக்கு மட்டும். "அப்பா, உடையாத கேப்ஸ்யூல் ஒரே வீட்டுல இருந்தா ஒண்ணும் ஆகாது, நானும் படிச்சேன்" என்கிறாள். படித்திருக்கட்டும். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன், உணர்ச்சியில்லாத காலோடு படி இறங்குவதுதான் தொல்லை.

ஜூன் 20, வியாழன்

வாந்தி. போட்டு அரைமணி ஆகியிருக்கும். மறுபடி போடக் கூடாது, அடுத்த முறைதான் என்று காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. இந்த மாதத்தின் மூன்றாவது கேப்ஸ்யூல் வாஷ்பேசினில் போனது. அந்த வாஷ்பேசினைக் கழுவுவதற்கும் கையுறை.

ஜூன் 22, சனி

சுதா ஆராய்ச்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். 722 நோயாளிகள், பாதிப் பேருக்கு லெனாலிடோமைடும் டெக்ஸாவும், மீதிப் பேருக்கு அதோடு இக்ஸாசோமிப். நோய் மறுபடி கிளம்பாமல் இருந்த காலம் 14.7 மாதம் எதிர் 20.6 மாதம். நல்லது. ஆனால் வருஷங்கள் கழித்து மொத்த ஆயுளைக் கணக்குப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை அவள் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போனபோது திறந்து கிடந்த பக்கத்தில் நானே படித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பாத ஆறு மாதம் என்றால் இடுப்பெலும்பு வலிக்காத ஆறு மாதம். எனக்கு அது போதும், கமலாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகாதவரை.

ஜூன் 23, ஞாயிறு

வளையல் போகாது என்று கமலா சொல்கிறாள். அப்படியானால் யோசித்திருக்கிறாள்.

ஜூன் 28, அதிகாலை 2.00

டெக்ஸா மட்டும் போடும் வாரம். டி20 உலகக் கோப்பை அரையிறுதி, கயானாவில் மழை, ஆட்டம் தொடங்கவே ஒன்பதேகால் ஆனது. வீட்டில் எல்லாரும் படுத்தாயிற்று. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் கடைசி விக்கெட் வரைக்கும் பார்த்தேன். 68 ரன் வித்தியாசம். அக்சர் பந்தில் பட்லர் போனபோது கத்திவிட்டேன் போலிருக்கிறது, சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "தூங்கலையாப்பா?" "ஸ்டீராய்டு." "எனக்கு இவன் உதைக்கிறான்." இரண்டு பேரும் மிக்சர் சாப்பிட்டோம்.

ஜூலை 2, செவ்வாய்

பிளேட்லெட் 61,000.

ஜூலை 3, புதன்

புதுச் சுற்று தொடங்க 75,000 வேண்டும். டாக்டர் ஒரு வாரம் தள்ளிவைத்தார். "மாத்திரைன்னாலும் கீமோ சார், ரத்தத்தைக் கேட்டுத்தான் குடுக்கணும்." இந்த வாசகத்தை எழுதி எதிர்வீட்டுக் கதவில் ஒட்டலாம்.

குப்பைக் கிடங்குக் கேள்வியைக் கேட்டேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஆராய்ச்சிக்காரர்களையும் குழப்பிய கேள்விதான் அது, நோயாளிகளிடம் இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்வதுதான் கண்கூடு என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

சுதா கொடுத்தனுப்பிய கேள்வி வேறு. என் மஜ்ஜைப் பரிசோதனையில் 11, 14 என்ற இரண்டு குரோமோசோம்கள் துண்டை மாற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை நன்றாகக் கேட்கிறதாமே? கேட்கிறது, என்றார். ஆனால் மைலோமாவுக்கு அமெரிக்காவிலேயே இன்னும் அனுமதி கிடையாது. 2019இல் ஒரு பெரிய சோதனையில், அந்த மாத்திரை போட்டு நோய் அடங்கியிருந்த பக்கத்திலேயே சாவும் அதிகமாக இருந்தது, தொற்று ஒரு காரணம். உங்கள் ரகத்துக்கு அது கைவசம் இருக்கட்டும், இப்போது வேண்டாம் என்றார். அதற்கு முன்னால் பொமாலிடோமைட் இருக்கிறதாம். வாரம் ஒருமுறை போடும் செலினெக்சார் என்று ஒன்றையும் சொன்னார். அதில் குமட்டல் பலமாக இருக்கும், சோடியம் இறங்கும். வரிசையாக மாத்திரைகளின் பெயராகவே சொல்லிக்கொண்டு போனார். ஊருக்குப் போகும் பஸ்ஸில் நிறுத்தங்களை எண்ணுவதுபோல் நானும் எண்ணிக்கொண்டேன், அப்புறம் நிறுத்திவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

ஐந்தரைக்கே காபி!

ஜூலை 8, திங்கள்

லைட் செயின் ரிசல்ட் வரவில்லை. மைலோமா செல் ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு அது, இறங்கினால் நல்லது. லேப்காரர் சாயங்காலம் என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

வரவில்லை. சுதா கால் வீங்கியிருக்கிறது, கமலா அவளுக்கு உப்பைக் குறைக்கிறாள். எனக்கும் சேர்த்துக் குறைத்துவிட்டாள். சாம்பாரை யாரும் தொடவில்லை. கொல்லைப் படியில் வழுக்கினேன், விழவில்லை. கமலாவிடம் சொல்லவில்லை. ஏழு மணிக்கு வாட்ஸ்அப் சத்தம் கேட்டு ஓடினால், எவரோ அனுப்பிய கருஞ்சீரக வைத்தியம்.

ஜூலை 10, புதன்

கப்பா லைட் செயின் 318இல் இருந்து 47. பிளேட்லெட் 83,000. இரண்டும் ஒரே நாளில்!

கமலா வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தாள். டெக்ஸாவில் ஏறும் சர்க்கரையைப் பற்றி இன்றைக்கு மட்டும் யாரும் பேசவில்லை.

ஜூலை 12, அதிகாலை 1.30

நேற்று மறுபடி தொடங்கியாயிற்று. தூக்கம் வராததால் இன்ஷூரன்ஸ் ஃபைல்.

ஊசி போட்டவரை டே கேர் என்று ஒழுங்காகப் பணம் வந்தது. மாத்திரை ஆனதும், வெளியே மருந்துக்கடையில் வாங்கினது, மருத்துவமனையில் சேரவில்லை, தர முடியாது. போனில் பேசின பெண் குழந்தைத்தனமான குரலில், "சார், அது வெறும் டேப்லெட்டுன்னு வருது சார்" என்றாள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் நவீன சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் போட்டது. ரோபோ அறுவைச் சிகிச்சைக்குப் பக்கத்திலேயே வாய்வழிக் கீமோதெரபியும் இருக்கிறது. அச்செடுத்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். உச்சவரம்பு வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, அது எனக்குத் தெரியும். அடியோடு இல்லை என்று சொல்ல எங்கே இருக்கிறது? நாலு பக்கம் எழுதினேன். காலையில் சுதா படித்து ஒரு பக்கமாக்கட்டும். டெக்ஸா எழுதியதை அப்படியே அனுப்பக் கூடாது.

ஜூலை 14, ஞாயிறு

படுக்கை.

ஜூலை 23, செவ்வாய்

பட்ஜெட். மூன்று கேன்சர் மருந்துகளுக்குச் சுங்க வரி கிடையாது என்று அறிவித்தார்கள். டிவியின் சத்தத்தைக் கூட்டி, கமலாவையும் கூப்பிட்டேன். மார்பகம், நுரையீரல் என்று போனது. நம்முடையது இல்லை. அந்த மூன்றில் ஒன்று மாத்திரைதான், யாரோ ஒரு நுரையீரல்காரர் வீட்டில் இன்றைக்குப் பாயசம் வைப்பார்கள். வைக்கட்டும்.

ஜூலை 24, புதன்

இன்ஷூரன்ஸ் பதில் வந்துவிட்டது. மறுக்கவில்லை, படிவம் கேட்கிறார்கள். சிகிச்சை அளிக்கப்பட்ட இடம், அனுமதிக்கப்பட்ட நேரம், விடுவிக்கப்பட்ட நேரம், உடனிருந்த செவிலியர் பெயர்.

இடம்: அடுப்படி. நேரம்: காலை 5.30. செவிலியர்: கமலா. விடுவிக்கப்பட்ட நேரம் என்ன போடுவது என்று கேட்டால், விளையாடாமல் டாக்டரிடம் வாங்கி அனுப்புங்கள் என்கிறாள்.

ஜூலை 25, வியாழன்

போட்டாயிற்று. பிரசவத்துக்குக் குறித்த தேதியை முன்னால் தள்ளியிருக்கிறார்கள், சுதாவோடு கமலா ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள். இட்லி நானே ஊற்றவேண்டும்.